யுத்தகளம் எங்கே இருக்கிறது?

2025 மே 7-ஆம் தேதியை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். நாடெங்கும் போர்க்காலப் பாதுகாப்பு ஒத்திகை நடந்த நாள் அது. நம் புனேயிலும் நடந்தது. 1965-லும் 1971-லும் விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்கு அபாயச் சங்கின் சத்தம் பழையது. பிள்ளைகளுக்குப் புதியது. "சண்டை காஷ்மீர் எல்லையில்தானே? நமக்கு ஏன் சங்கு ஊதுகிறார்கள்?" என்று அவர்கள் கேட்டார்கள்.

இது சின்னக் கேள்வி அல்ல. யுத்தகளம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதுதான் அந்தக் கேள்வி. சென்ற சில ஆண்டுகளில் விஞ்ஞானம் யுத்தத்துக்குக் கொடுத்திருக்கும் கருவிகள் அந்த எல்லைக்கோட்டை அழித்துவிட்டன. தொழிற்சாலை, லாரி, சட்டைப்பையில் இருக்கும் கருவி, வீட்டுக் கூரை, எல்லாமே இன்று களம்தான். அப்படியானால் அங்கே உழைத்து, அங்கே வாழும் நமக்கு யுத்தத்தைப் பற்றிப் பேசும் உரிமையும் உண்டு. "இது ராணுவத்தார் விஷயம், பெரிய மனிதர்கள் விஷயம்" என்று நாம் ஒதுங்கி நிற்பதற்கில்லை.

நம் சோறும் வெடிமருந்தும்

புனேயைப் பேஷ்வாக்களின் ஊர் என்பார்கள். கல்லூரிகளின் ஊர் என்பார்கள். அதே அளவுக்கு இது ஆயுதங்களின் ஊர். ராணுவத்தின் தென் பிராந்தியத் தலைமையகம் இங்கே. கிர்க்கி ஆயுதத் தொழிற்சாலை 1869-இல், வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கியது. தேஹு ரோடில் ராணுவக் கிடங்குகள். பாஷாணில் பீரங்கியும் ராக்கெட்டும் வடிவமைக்கும் அரசாங்க ஆய்வுக்கூடம். 44 வினாடியில் 12 ராக்கெட்டுகளை வீசும் பினாகா அங்கே உருவாகி, 1999 கார்கில் சண்டையில் பயன்பட்டது. அதே ஆய்வுக்கூடம் வடிவமைத்த 155 மில்லிமீட்டர் பீரங்கிகளில் 307-ஐ வாங்க 2025 மார்ச்சில் மத்திய அரசு இரண்டு தனியார் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டது. அவற்றில் ஒன்று நம் ஊர் பாரத் ஃபோர்ஜ்.

கிர்க்கியிலும் தேஹு ரோடிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன என்றால், இந்த ஆலைகளும் கிடங்குகளும் கண்டோன்மெண்டும் தந்த பிழைப்பு அதற்கு ஒரு காரணம். ஆகவே ஆயுதத்தைப் பற்றிப் பேசும்போது, அதில் ஒட்டும் உறவும் இல்லாதவர்களைப் போல் நாம் பேச முடியாது. நம் வீட்டு உலையில் கொதிக்கும் அரிசியில் அந்தச் சம்பளமும் உண்டு. நாட்டைக் காக்க ஆயுதமே வேண்டாம் என்றும் நாம் சொல்லவில்லை. 2025 ஏப்ரல் 22-இல் பஹல்காமில் சுட்டுக் கொல்லப்பட்ட 26 பேரில் நம் புனேக்காரர்களும் இருந்தார்கள். அந்தத் துயரம் நம் துயரம். நாம் சொல்வது வேறு. ஒரு பொருளைச் செய்கிறவனுக்கு, அது எங்கே போகிறது, யாரைக் கொல்கிறது, யார் சொல்லிக் கொல்கிறது என்று கேட்க உரிமை உண்டு.

பொள்ளிலூரும் எம்டனும்

யுத்தக் கருவி மாறுவது புதிதல்ல. 1780 செப்டம்பரில், காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில், ஹைதர் அலியும் திப்புவும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை முறியடித்தார்கள். இரும்புக் குழாயில் மருந்து கெட்டித்த மைசூர் ராக்கெட்டுகள் அந்தப் போரில் பாய்ந்தன. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு, கைப்பற்றிய ராக்கெட்டுகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் ஆராய்ந்து வெள்ளைக்காரன் தன் ராக்கெட்டைச் செய்துகொண்டான். ஒருவன் கையில் மட்டும் நின்றுவிடும் ஆயுதம் என்று உலகில் எதுவும் இல்லை என்பது முதல் பாடம். இன்று நாம் செய்வதை நாளை எதிரியும் செய்வான்.

இரண்டாவது பாடம் எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் சென்னைக் கடலுக்கு வந்து, எண்ணெய்த் தொட்டிகளின்மேல் சுமார் 130 குண்டுகளைச் சுட்டுவிட்டுப் போனது. தொட்டிகள் எரிந்தன, சில உயிர்கள் போயின. ஆனால் பயம் அதைவிடப் பெரியது. ஏராளமானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். எம்டன் என்பது தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. ஐரோப்பிய அரசுகளின் சண்டை, அதோடு ஒரு சம்பந்தமும் இல்லாத சென்னை ஏழையின் வாசலுக்கு வந்தது.

ஆனாலும் அந்தக் குண்டைச் சுட்டது இன்ன கப்பல் என்று மறுநாளே தெரிந்தது. அதன் காப்டன் பெயரும் தெரிந்தது. கடற்கரையைவிட்டு உள்நாட்டுக்கு ஓடினால் தப்பலாம் என்று ஒரு திசையும் இருந்தது. இன்றைய யுத்தத்தில் இந்த மூன்றும் கரைந்துகொண்டிருக்கின்றன. அடித்தது யார், பொறுப்பு யார், ஓட வேண்டியது எங்கே என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைப்பது அரிதாகிவிட்டது.

மலிவாகிப் போன மரணம்

2020-இல் நாகோர்னோ-கராபாக் பகுதிக்காக அஜர்பைஜானும் ஆர்மீனியாவும் 44 நாள் போரிட்டன. துருக்கியும் இஸ்ரேலும் செய்துகொடுத்த ஆளில்லா விமானங்கள் ஆர்மீனியாவின் டாங்கிகளையும் பீரங்கிகளையும் வானிலிருந்தே பொறுக்கி அழித்தன. 2022-இல் தொடங்கிய உக்ரைன் போரில் அந்த வித்தை இன்னும் மலிவாயிற்று. சில நூறு டாலர் விலையுள்ள சிறு டிரோன், அதாவது ஒரு புதிய மோட்டார் சைக்கிளைவிட விலை குறைந்த பொருள், பல கோடி ரூபாய் டாங்கியை உடைக்கிறது. ஓட்டுகிறவன் பல கிலோமீட்டர் தள்ளி ஒரு பதுங்கு அறையில், கண்ணில் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

மலிவு நல்லதுதானே, ஏழை நாடும் தன்னைக் காத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. பெரிய வல்லரசை எதிர்த்து உக்ரைன் இத்தனை காலம் நிற்பதற்கு டிரோனும் ஒரு காரணம். ஆனால் விலை குறையும்போது யுத்தத்தைத் தொடங்கும் தயக்கமும் சேர்ந்து குறைகிறது என்பதை மறந்துவிடலாகாது. முன்பு ஒரு நாடு படையெடுத்தால் எத்தனை தாய்மார்களின் பிள்ளைகளை இழக்க வேண்டியிருக்கும் என்று ஆட்சியாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். ஆளே இல்லாத விமானத்தை அனுப்புகிறவனுக்கு அந்தக் கணக்கு தேவையில்லை. அனுப்புகிற பக்கத்தில் பிணம் விழாது. விழும் பக்கத்தில் விழும்.

2025 மே மாதம் இதை நாமே பார்த்தோம். மே 8 இரவு மட்டும் 36 இடங்களை நோக்கிச் சுமார் 300 முதல் 400 டிரோன்களைப் பாகிஸ்தான் அனுப்பியதாக நம் அரசு கூறியது. நம் தரப்பும் அத்தகைய கருவிகளைப் பயன்படுத்தியது. பெரும்பாலானவை வானிலேயே வீழ்த்தப்பட்டன. ஆனால் பஞ்சாபில் பெரோஸ்பூர் அருகே ஒரு கிராமத்து வீட்டில் டிரோன் விழுந்து குடும்பமே தீக்காயமடைந்தது. அந்த வீட்டுப் பெண்மணி பிறகு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். பூஞ்ச் நகரத்திலோ, உயிர்களைக் குடித்தது பழைய பீரங்கிதான். புதிய ஆயுதம் வந்ததால் பழைய ஆயுதம் விலகிப் போவதில்லை. இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

வன்னியில் பறந்த வண்டு

"புதிய கருவி குறி தவறாது, துல்லியமாகப் பார்த்து, பகைவனை மட்டுமே அடிக்கும், ஆகவே பொதுமக்கள் சாவு குறையும்" என்பது இன்னொரு வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழர்களாகிய நாம் இதை நம்புவதற்கு முன்னால் வன்னியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

2008-2009-இல் இலங்கையின் வன்னிப் பகுதியில் சிக்கிக்கொண்ட மக்கள், தலைக்கு மேல் ரீங்காரமிட்டுச் சுற்றிய வேவு விமானத்தை வண்டு என்று அழைத்தார்கள். வண்டு வந்து போனால் பின்னாலே ஷெல் வரும் என்று பதுங்கு குழிக்கு ஓடினார்கள். எங்கே ஜனம் கூடியிருக்கிறது, எங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது என்பதெல்லாம் அந்தக் கண்ணுக்குத் தெரியாததல்ல. பாதுகாப்பு வலயம் என்று அரசே அறிவித்த இடத்தில்தான் ஷெல் விழுந்தது. ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011-இல் தந்த அறிக்கை, வன்னியில் இருந்த ஆஸ்பத்திரிகள் ஏறக்குறைய அனைத்துமே ஷெல்லுக்கு இலக்காயின என்றது. 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது. மக்களை வெளியேற விடாமல் விடுதலைப் புலிகள் தடுத்ததையும் அதே அறிக்கை கண்டித்தது.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? நன்றாகப் பார்க்க முடிவது வேறு. பார்த்த பிறகு கையை அடக்குவது வேறு. கருவி கண்ணைத்தான் கூர்மையாக்கும். கருணையை அது உண்டாக்காது. அதற்குச் சட்டம் வேண்டும், கேள்வி கேட்கும் மக்கள் வேண்டும், பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் ஆள் வேண்டும்.

பெயரில்லாத விரல்

அந்த ஆளே மறைந்துபோகும் காலம் இப்போது வந்துகொண்டிருக்கிறது.

2025 ஜூன் 1-இல் ரஷ்ய விமானத் தளங்களை உக்ரைனின் 117 டிரோன்கள் தாக்கின. அவை லாரிகளில், மரக் கூண்டுகளுக்குள் மறைத்து உள்ளே கொண்டுபோகப்பட்டவை. தாக்கப்பட்ட தளங்களில் ஒன்று உக்ரைனிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கும் அப்பால், சைபீரியாவில் இருக்கிறது. லாரி ஓட்டியவர்களுக்கே தாங்கள் ஏற்றி வந்தது இன்னதென்று தெரியாது என்று செய்திகள் கூறின. புனே-பம்பாய் சாலையில் இரவும் பகலும் லாரி ஓட்டும் நம் சகோதரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 2024 செப்டம்பர் 17-இல் லெபனானில் பேஜர்கள் வெடித்தன. மறுநாள் வாக்கி-டாக்கிகள் வெடித்தன. பகைவன் வாங்கும் சரக்கிலேயே வெடிமருந்தை முன்கூட்டி வைத்து அனுப்பியிருந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், அவர்களில் குழந்தைகளும் உண்டு, ஆயிரக்கணக்கானோர் காயமடைந்தார்கள்.

இதற்கும் அடுத்த படி, யாரைக் கொல்வது என்பதையே கம்ப்யூட்டரிடம் விட்டுவிடுவது. செயற்கை நுண்ணறிவு என்று இன்று எங்கும் பேசப்படும் அதே வித்தை, குறி தேர்ந்தெடுக்கும் வேலைக்கும் வந்துவிட்டது. மனிதனின் கட்டளை இல்லாமலே ஆளைத் தேடிச் சுடும் இயந்திரத்துக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று பல நாடுகள் சொல்கின்றன. இந்த அபாயத்தை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும் என்று 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் ஒரு தீர்மானம் வந்தது. 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை 4 நாடுகள். அவற்றில் இந்தியாவும் ஒன்று, ரஷ்யாவும் ஒன்று. ஜெனிவாவில் ஏற்கெனவே நடக்கும் பேச்சுவார்த்தையே இதற்கு உரிய இடம் என்பது நம் அரசு சொல்லும் காரணம். காரணம் இருக்கட்டும். ஆனால் காந்தி பிறந்த நாடு அந்த நாலு பேரோடு நின்றது நமக்கு நெருடுகிறது. ஒரு சிப்பாய் தவறு செய்தால் அவனை விசாரணைக்கு நிறுத்தலாம். இயந்திரம் தவறு செய்தால் யாரை நிறுத்துவது? அதை எழுதிய இன்ஜினியரையா? வாங்கிய அதிகாரியையா? பொத்தானை அழுத்திய விரலுக்குப் பெயர் இல்லாமல் போனால், செத்தவனுக்கு நீதியும் இல்லாமல் போகும்.

முதலில் சாகிறவர்கள்

எல்லையில் ஒரு குண்டும் வெடிக்காத அமைதிக் காலத்திலேயே யுத்தத்துக்காகச் சாகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தொழிலாளர்கள்.

நம் மகாராஷ்டிராவிலேயே பாருங்கள். 2016 மே 31-இல் வார்தா மாவட்டம் புல்காவ் ராணுவ வெடிமருந்துக் கிடங்கில் தீப்பிடித்துப் பதினாறு பேருக்கு மேல் மாண்டார்கள். தீயை அணைக்கப் போனவர்களே அவர்களில் அதிகம். 2023 டிசம்பர் 17-இல் நாகபுரிக்கு அருகே பஜார்காவில் தனியார் வெடிமருந்து ஆலையில் 9 பேர் இறந்தார்கள். அவர்களில் 6 பேர் பெண்கள். 2025 ஜனவரி 24-இல் பண்டாரா அரசு வெடிமருந்து ஆலையில் 8 பேர். விருதும் இல்லை, பீரங்கி வணக்கமும் இல்லை. நாலு நாள் பத்திரிகைச் செய்தி; பிறகு நஷ்டஈட்டுக் கணக்கு. புதிய ஆயுதங்களைப் பற்றி மேடையில் பெருமை பேசுகிறவர்கள், அந்த மருந்தைக் கையால் நிரப்பும் பெண்ணின் தினக்கூலியைப் பற்றிப் பேசியதுண்டா?

ஆலைகளின் நிலையும் மாறிவிட்டது. 41 ஆயுதத் தொழிற்சாலைகளை நடத்திய அரசு வாரியத்தை 2021 அக்டோபர் 1-இல் கலைத்து 7 கம்பெனிகளாக்கினார்கள். வெடிமருந்து ஆலைகளுக்கான கம்பெனியின் தலைமை அலுவலகம் புனேயில்தான் இருக்கிறது. நீலகிரி அருவங்காட்டில் மருந்து செய்யும் தமிழனும் அதே கம்பெனியின் ஆள்தான். இந்த மாற்றத்தை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்குத் தயாரானபோது, 2021 ஜூன் 30-இல் வேலைநிறுத்தத்தையே தடை செய்யும் அவசரச் சட்டம் வந்தது. ஊழியர்களை இரண்டாண்டு டெபுடேஷனில் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். பிறகு அந்தக் கெடுவை நீட்டினார்கள். இதற்கிடையே டிரோன் முதலான புதிய சாதனங்களின் ஆர்டர்கள் தனியார் கம்பெனிகளுக்கு நிறையப் போகின்றன. நிரந்தரத் தொழிலாளி குறைந்து காண்டிராக்ட் தொழிலாளி பெருகினால், ஆபத்து அப்படியே இருக்கும்; பாதுகாப்பு மட்டும் குறையும்.

தேஹு ரோடு கிடங்கைச் சுற்றியுள்ள ரெட் ஜோன் பிரச்சினை நமக்குத் தெரியும். கிடங்கு எல்லையிலிருந்து 2,000 கெஜத்துக்குள் வீடு கட்டக் கூடாது என்கிறார்கள். நிகடி, தளவடே, ராவேத் பக்கம் சேமிப்பையெல்லாம் போட்டு இடம் வாங்கியவர்கள் ஆண்டுக்கணக்காகத் திண்டாடுகிறார்கள். இந்தத் தடைகளுக்கு அடிப்படை 1903-ஆம் வருஷத்துச் சட்டம். உள்ளே இருக்கும் மருந்து வெடித்தால் என்ன ஆகும் என்று கெஜக்கோலால் அளந்த காலம் அது. இன்றோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து கிடங்கையே தேடும் கருவிகள் இருக்கின்றன. ஏழையின் வீட்டைத் தடுக்கும் சட்டம் இருக்கிறது. அவனுக்குப் பதுங்க ஓர் இடம் கட்டிக்கொடுக்கும் சட்டம் எங்கே?

கடல் கடந்து போகும் பிள்ளைகள்

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் நாம். நம் பிள்ளைகள் நாடு விட்டு நாடும் போகிறார்கள். அங்கேயும் யுத்தம் காத்திருக்கிறது. உதவியாளர் வேலை என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி ரஷ்யாவுக்குப் போன இந்திய இளைஞர்கள் பலர், படையில் சேர்க்கப்பட்டு உக்ரைன் முனைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் சூரத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் 2024 பிப்ரவரியில் டிரோன் தாக்குதலில் மாண்டார். ரஷ்யப் படையில் இருந்த இந்தியர் 126 பேர் என்றும், அவர்களில் 12 பேர் இறந்தார்கள், 16 பேரைக் காணவில்லை என்றும் 2025 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம் தெரிவித்தது. 2024 மார்ச்சில் இஸ்ரேலின் வட எல்லையில் தோட்ட வேலை செய்துகொண்டிருந்த கேரளத்துத் தொழிலாளி ஒருவர் லெபனானிலிருந்து வந்த ஏவுகணையால் உயிரிழந்தார்.

டிரோன் வந்தால் சிப்பாய் தேவைப்பட மாட்டான் என்று சொன்னவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்? சிப்பாய் தேவைப்படுகிறான். ஆனால் இறக்க வேண்டிய இடத்துக்கு வறுமையில் இருப்பவனைத் தேடுகிறார்கள்.

நாம் கேட்பது

ஆகவே தோழர்களே, தாய்மார்களே, வேடிக்கை பார்ப்பது போதாது. கொல்லும் முடிவை எடுப்பவர் ஒரு மனிதராக, பெயரும் பொறுப்பும் உள்ளவராக இருக்க வேண்டும். அதைக் கட்டாயமாக்கும் உலக ஒப்பந்தத்துக்கு இந்தியா முன்னின்று குரல் கொடுக்க வேண்டும். நம் வாக்கைக் கேட்டு வரும் வேட்பாளரிடம், இங்கேயானாலும் ஊரிலேயானாலும், இதைக் கேளுங்கள்.

புல்காவ் முதல் பண்டாரா வரை நடந்த விபத்துகளின் விசாரணை அறிக்கைகள் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் வெளிவர வேண்டும். காண்டிராக்ட் தொழிலாளிக்கும் நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒரே பாதுகாப்புக் கவசம், ஒரே நஷ்டஈடு வேண்டும். மத்திய அரசு 2018-இல் அறிவித்த ராணுவத் தளவாடத் தொழில் பாதை சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி வழியாகப் போகிறது. நாளை ஊர் திரும்பும் நம் பிள்ளைகளுக்கும் இதே கேள்விகள் காத்திருக்கின்றன. இன்றே அவர்களுக்கு எலெக்ட்ரானிக்ஸ் தொழில் பயிற்சி கிடைக்க ஐ.டி.ஐ.களில் வழி செய்ய வேண்டும். பழைய வேலையை இழக்கும் தொழிலாளிக்குப் புதிய வேலை கற்றுத்தர வேண்டும்.

நம் பங்குக்கு நாம் செய்ய வேண்டியதும் உண்டு. வெளிநாட்டு வேலை என்று யார் வந்தாலும், அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட்தானா என்று பாருங்கள். படிக்கத் தெரியாத மொழியில் உள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 2025 மே மாதம் கராச்சித் துறைமுகம் அழிந்தது என்று டெலிவிஷனிலேயே சொன்னார்கள், அது பொய். பொய்ச் செய்தியும் இன்றைய யுத்தத்தில் ஓர் ஆயுதம். கையிலிருக்கும் போனில் வந்ததையெல்லாம் அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறவர், அறியாமலே அந்த ஆயுதத்தை வீசுகிறார்.

யுத்தகளம் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டார்கள். அது கிர்க்கியில் ஷிப்டு முடிந்து வருகிறவரின் கைகளில் இருக்கிறது; நெடுஞ்சாலை லாரியில் இருக்கிறது; நம் சட்டைப்பையில் இருக்கிறது; கூரைக்கு மேலே இருக்கிறது. களம் நம்மிடம் வந்துவிட்ட பிறகு, அதைப் பற்றிய முடிவுகள் மட்டும் நம்மைக் கேட்காமல் எங்கோ எடுக்கப்படுவது நியாயமல்ல. பிள்ளைகளுக்கு நாம் அளிக்க வேண்டிய விடை அதுதான்: நாம் கேட்டே தீர வேண்டும்.